கால்பந்தும் கீதையும்

'பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாய். இனி விளையாட்டெல்லாம் போதும்.' நம் இல்லங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒலிக்கும் தீர்ப்பு இது. மட்டையும் பந்தும் பரணுக்குப் போகின்றன. மாலைப் பொழுது தனிப்பயிற்சி வகுப்புக்குப் போகிறது. இத்தீர்ப்பை வழங்கும் பெற்றோர் பலர், தங்கள் பிள்ளை விவேகானந்தரைப் போல் உயர வேண்டும் என்று விரும்புபவர்களே. அந்த விவேகானந்தர் தம் இளமையில் எங்கெல்லாம் வியர்வை சிந்தினார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதுண்டா?

1897 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்தாட்டமே இளைஞர்களைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டு செல்லும் என்ற பொருள்படச் சுவாமிஜி பேசினார். இதைப் பலரும் அறிவர். ஆனால் பலர் அத்துடன் நின்றுவிடுகின்றனர். தசைகள் சற்று வலுப்பெற்றால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்ற கருத்தையும் அதே உரையில் அவர் கூறியிருக்கிறார். கீதையைத் தாங்கவல்ல உடலும் நெஞ்சும் வேண்டும் என்பதே அவரது கவலை. உடல் நடுங்கி, வில் கைநழுவி, தேர்த்தட்டில் அமர்ந்துவிட்ட ஒருவனுக்கு உபதேசிக்கப்பட்ட நூலல்லவா அது!

ஒரே கூடம், இருவகை இளைஞர்

அவரது இச்சொற்களின் வேர் கொல்கத்தாவில் இருக்கிறது. அங்கு சிம்லா பகுதியில் வளர்ந்த நரேந்திரன், நவகோபால் மித்ரரின் உடற்பயிற்சிக் கூடத்திலும், அம்பு குஹாவின் மல்யுத்தக் கூடத்திலும் பழகியவன். சிலம்பம், வாள் சுழற்றுதல், நீச்சல், படகு செலுத்துதல் எல்லாம் அவனுக்குக் கைவந்தன. குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் முதற்பரிசாக வெள்ளியாலான வண்ணத்துப்பூச்சி ஒன்றையும் பெற்றான்.

அக்கூடத்தில் ஒருநாள் கனமான ஊஞ்சற்கம்பம் ஒன்றை நிறுத்த இளைஞர்கள் முயன்றுகொண்டிருந்தனர். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் ஆங்கில மாலுமி ஒருவரும் இருந்தார். நரேந்திரன் கேட்டுக்கொண்டதால் அவரும் கைகொடுத்தார். கம்பம் சரிந்து அவர்மீது விழ, அவர் நினைவிழந்து சாய்ந்தார். ஆள் இறந்துவிட்டான், போலீஸ் வந்துவிடும் என்ற அச்சத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஓடிவிட்டனர். நரேந்திரனும் ஓரிரு நண்பர்களும் மட்டுமே நின்றனர். அவன் தன் வேட்டியைக் கிழித்துக் காயத்துக்குக் கட்டுப்போட்டான். முகத்தில் நீர் தெளித்து விசிறினான். அருகிலிருந்த பள்ளிக் கட்டடத்துக்கு மாலுமியைக் கொண்டுசென்று, மருத்துவரை வரவழைத்து, ஒரு வாரம் உடனிருந்து கவனித்தனர். அவர் தேறியதும் நண்பர்களிடம் திரட்டிய சிறுதொகையைக் கொடுத்து அனுப்பிவைத்தான் நரேந்திரன்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஓடியவர்களும் அதே கூடத்தில் பயின்றவர்களே. நின்றவனைப் போலவே அவர்களும் அதே கம்பத்தைப் பிடித்துத் தூக்கியவர்கள். அவர்கள் கைகளிலும் வலிமை இருந்தது. அப்படியானால் நரேந்திரனை நிற்க வைத்தது எது? பயிற்சி அவனுக்கு வலிமையைத் தந்தது. அடிபட்டுக் கிடப்பவன் யாராயினும் அவனை விட்டுச் செல்லலாகாது என்ற உணர்வை வீடு தந்திருக்கலாம்; அவனது இதயம் தந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தபோதே அது வீரமாயிற்று. வலிமையில்லாத இரக்கம் கண்ணீர் விடும்; தூக்கிச் செல்லாது. இரக்கமில்லாத வலிமை காயத்தைக் கண்டதும் ஓடிவிடும்.

மண் படிந்த மேனி

அதே கொல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில், விடியுமுன் எழுந்து ஒற்றைக்கண் மல்லர் ஒருவரிடம் மண்ணில் புரண்டு மல்யுத்தம் பயின்றான் வேறொரு சிறுவன். பிள்ளையின் நிறம் கறுத்துவிடுமோ என்று தாய் அஞ்சினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மேனியில் விழுது பூசித் தேய்த்துவிட ஏற்பாடு செய்தார். அச்சிறுவனே பிற்காலத்துக் கவி ரவீந்திரநாத் தாகூர். அவர் மல்லராகவில்லை. எனினும் அந்த மண்ணின் மதிப்பை மறக்கவுமில்லை. 1929-இல் ஜப்பானிலிருந்து தகாகாகி என்ற ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து, மாணவர்களோடு மாணவியரும் அக்கலையைப் பயில வழிசெய்தார். அஞ்சாத உடலும் கல்வியின் ஒரு பகுதி என்று கவிஞரும் கருதினார் என்பது இதனால் விளங்குகிறது.

அதே நகரின் வெற்றியும் துயரமும்

விளையாட்டு ஒரு மனிதனை உயர்த்துவதுபோல் ஒரு சமுதாயத்தையும் உயர்த்துமா? 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடினர். அடிமைப்பட்டிருந்த நாடு அன்று தன்னம்பிக்கையில் ஒருபடி நிமிர்ந்தது.

ஆனால் அதே நகரில், 1980 ஆகஸ்ட் 16 அன்று, ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது பார்வையாளரிடையே கலவரம் மூண்டது. நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளைகளுக்காகப் பல வீடுகள் அன்றிரவு அழுதன. பந்து அதே பந்துதான். ஒருநாள் ஒரு நாட்டின் அச்சத்தைப் போக்கியது. இன்னொரு நாள் அண்டை வீட்டாரையே பகைவராக்கியது. விளையாட்டைத் தானே தூய்மையளிக்கும் தீர்த்தமாகக் கருதுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எத்தனை ஆண்டுகள்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். உடல்வலிமையை அவ்வளவு போற்றிய சுவாமிஜி, நீரிழிவும் ஆஸ்துமாவும் வாட்ட, 1902 ஜூலை 4 அன்று 39 வயதிலேயே மறைந்தார். அவர் செய்த பயிற்சியின் பயன் என்ன?

உடலை நெடுநாள் காப்பாற்றி வைப்பதற்குரிய பொருளாக அவர் எண்ணியிருந்தால் இவ்வினா நியாயமானது. அவரோ அதைச் செலவிடுவதற்குரிய செல்வமாகக் கருதினார். இமயம் முதல் குமரிவரை அலைந்த ஆண்டுகளில் பசியையும் வெயிலையும் அந்த உடலே தாங்கியது. 1899-இல் கொல்கத்தாவைப் பிளேக் நோய் வாட்டியபோது, அவரது சீடர்களான சுவாமி சதானந்தரும் சகோதரி நிவேதிதையும் குப்பை மண்டிய சந்துகளைச் சுத்தம் செய்யும் பணியில் இறங்கினர். அங்கே தேவைப்பட்டதும் உழைக்கும் உடலே. வலிமையின் அளவுகோல் வாழ்ந்த ஆண்டுகளா? அது யாருக்குப் பயன்பட்டது என்பதே அல்லவா?

ஆகவே, பிள்ளைகளை விளையாடவிடுவோம். தேர்வு ஆண்டிலும் ஒரு மணி நேரமாவது விடுவோம். அதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. மைதானத்திலிருந்து திரும்பும் பிள்ளையிடம் 'வென்றாயா?' என்று மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். 'கீழே விழுந்தவனுக்குக் கைகொடுத்தாயா?' என்ற கேள்வியையும் இன்று மாலையிலிருந்து சேர்த்துக் கேட்போம். நாளை ஏதோ ஒரு தெருவில் எவரேனும் அடிபட்டுக் கிடக்கும்போது, எல்லோரும் ஓட, நம் பிள்ளை அங்கே நிற்பான்.