பிள்ளை யாருடைய பொருள்?

சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வழியாக விருதுநகர் செல்லும் பேருந்தில் ஒரு சிறுவனைப் பல சனிக்கிழமை மாலைகளில் கண்டிருக்கிறோம். தாய்க்குச் சிவகாசியில் பட்டாசு ஆலை வேலை. தந்தைக்கு விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு வேலை. மணவிலக்கு ஆகி மூன்றாண்டுகள். நன்னா துணைக்கு வருவார். "எந்த ஊர், தம்பி?" என்று ஒரு நாள் கேட்டோம். பதில் சொல்லுமுன் அவன் நன்னாவின் முகத்தைப் பார்த்தான். பத்து வயதுப் பிள்ளை தன் ஊர்ப் பெயரைச் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிறது!

இந்த வழக்கு புதியதன்று. உமர் (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்மணி ஒருவரை மணந்து, ஆஸிம் என்ற மகன் பிறந்தபின் பிரிந்தார்கள். ஒரு நாள் குபாவில், பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கண்டு, கையைப் பிடித்துத் தம் வாகனத்தின் மேல் ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டியார் வந்து மறித்தார். வழக்கு கலீஃபா அபூபக்கர் (ரலி) முன் சென்றது. தம் மகன் என்றார்கள் இவர்கள். தம் பிள்ளை என்றார் அவர். பாட்டியிடமே விடும்படி தீர்ப்பாயிற்று. உமர் (ரலி) மறுமொழி ஒன்றும் பேசவில்லை என்கிறது இமாம் மாலிக் அவர்களின் முவத்தா. எவருக்கும் அஞ்சாத அந்த நாவின் மௌனத்தை நாம் நெடுநேரம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களை ஈன்றவர் இந்த ஆஸிமின் மகளே.

நம் வீடுகளில் அந்த மௌனம் இல்லை. "உன் அத்தாவைப் பற்றி உள்ளதைத்தானே சொன்னேன்" என்பார் தாய். தந்தையின் வீட்டிலும் இதே நியாயம்தான். இங்கேதான் சிக்கல். உள்ள குறையைச் சொல்வது புறம், இல்லாததைச் சொல்வது அவதூறு என்று பெருமானார் (ஸல்) பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே உண்மை என்பது இங்கே சாக்காகாது. தாயைப் பழிக்கக் கேட்கும் பிள்ளை தன்னில் பாதியைப் பழிக்கக் கேட்கிறான். அடி, குடி என்று பிள்ளைக்கே ஆபத்து இருக்குமாயின் பேச்சு வேறு. அப்போது மறைப்பதே குற்றம். ஆனால் அதைச் சொல்லவேண்டிய இடம் ஜமாஅத்தும் நீதிமன்றமும், பிள்ளையின் காது அன்று.

அடுத்தது பணம். பிள்ளையைக் காட்டவில்லை என்று தந்தை பணத்தை நிறுத்துகிறார். பணம் வரவில்லை என்று தாய் பிள்ளையை நிறுத்துகிறார். தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடக்கும் வாரங்களில் இந்த வீம்புக்கு விலை பிள்ளையின் சோறு. இரண்டும் தனித்தனிக் கடமைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பிள்ளையைக் கொண்டு தாயையோ தந்தையையோ வருத்தலாகாது என்கிறது அல்பகராவின் 233ஆம் வசனம். பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசியே முடிவு செய்யச் சொல்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, பிறந்து இரண்டாண்டு வரைதான் பிள்ளைச் செலவு என்று வாதாடியவர்களும் உண்டு. 1997இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வசதியுள்ள தந்தை, பிள்ளை உரிய வயதடையும் வரை காத்தே ஆகவேண்டும் என்றது. நீதிமன்றம் சொல்லியா நமக்கு இது தெரியவேண்டும்?

பிரிவினைப் பேச்சில் நாம் மஹர், நகை, சீர்ப் பாத்திரம் என்று கரண்டி வரை பட்டியல் எழுதுகிறோம். பெருநாள் காலையில் பிள்ளை எந்த வீட்டில் குளித்துப் புத்தாடை உடுத்துவான், பள்ளிக்கூடக் கட்டணம் எந்தத் தேதியில் யார் கட்டுவது என்று ஒரு வரி எழுதுவதில்லை. அந்த வரி இல்லாததால்தான், "பணம் எப்போது?" என்ற கேள்வியையும் "உன் அம்மாவிடம் சொல்" என்ற பதிலையும் சனிக்கிழமைப் பேருந்தில் அச்சிறுவன் சுமக்கிறான். தாயிடமும் தந்தையிடமும் கைபேசி இருக்கிறது.