கோப்பு யாருடையது?

மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர் கேட்ட கேள்வி பௌத்த மரபில் புகழ்பெற்றது. அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை என்றால், இவற்றுக்கு வெளியே தேர் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? அதுவும் இல்லை. உறுப்புகள் கூடியிருப்பதை வைத்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். நியாயம் என்னும் தத்துவ மரபினர் இதை ஏற்கவில்லை. முழுமை என்பது உறுப்புகளிலிருந்து வேறான பொருள், சமவாயம் என்னும் உறவால் அவற்றில் உறைவது என்று வாதாடினார்கள்.

1993-ல் தொடங்கிய டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த வழக்கு இன்றும் நடக்கிறது. ஒரு மென்பொருள் பொதியை நிறுவியதும் அதன் கோப்புகள் பிரிந்து போகின்றன: நிரல் ஓர் அடைவில், கையேடு வேறோர் அடைவில், அமைப்புக் கோப்பு இன்னொன்றில். பொதி இதுதான் என்று காட்ட வட்டில் தனியிடம் கிடையாது. பொதிகளை நிறுவும் ‘டிபிகேஜி’ கருவி பொதிக்கு ஒன்றாக வைத்திருக்கும் .லிஸ்ட் பட்டியல்தான் மிஞ்சுகிறது, வரிக்கு ஒரு கோப்பின் முகவரியாக. ஒரு கோப்பு எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று கேட்டால் இந்தப் பட்டியல்களைத் துழாவித்தான் பதில் வருகிறது. அவற்றையே கோப்பின் பெயரை முன்னிறுத்தித் திருப்பி அடுக்கினால் தேடல் அட்டவணை தயார்.

இதுவரை நாகசேனரின் கையே ஓங்கியிருக்கிறது.

ஆனால் முழுத் திரைச்சூழலையும் நிறுவித் தரும் ‘க்னோம்’ என்ற பொதியின் பட்டியலைத் திறந்தால், மாற்றக் குறிப்பு, உரிம விவரம் போன்ற ஆவணங்களுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. திரையில் தெரியும் அத்தனையும் அது சார்ந்திருக்கும் மற்றப் பொதிகளுடையவை. உறுப்பே இல்லாத இந்த முழுமையை நிறுவலாம், நீக்கலாம், புதுப்பிக்கலாம். நாகசேனரின் விளக்கம் இதற்குப் போதாது. உறைவதற்கு உறுப்பு வேண்டும் என்பதால் நியாயமும் இங்கே தடுமாறுகிறது.

2023-ல் வந்த டெபியன் 12 இன்னொரு சிக்கலைக் காட்டியது. அதில் ‘/பின்’ அடைவு ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடைவுக்கான இணைப்பு மட்டுமே. ‘எல்எஸ்’ கட்டளைக் கோப்பு உண்மையில் இருப்பது இரண்டாவது இடத்தில். அந்த முகவரியைக் கொடுத்துக் கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை என்று டிபிகேஜி கைவிரிக்கும். பட்டியலில் பதிவாகியிருந்தது பழைய முகவரி. கோப்பின் ஒரு பைட்கூட மாறவில்லை. ஆனாலும் அதற்கு உரிமையாளர் இல்லாமல் போயிற்று.

ஆக, உரிமை கோப்பின் உள்ளே இல்லை. ஆனாலும் அதற்கு விளைவு உண்டு. ஒரு பொதி இன்னொன்றின் கோப்பை மேலெழுத வந்தால் டிபிகேஜி வழக்கமாக நிறுவலையே நிறுத்திவிடுகிறது. கோப்பில் கோளாறு கண்டவர் ‘ரிப்போர்ட்பக்’ கருவியிடம் கோப்பின் பெயரைச் சொன்னால், அது பொதியைத் தேடிப் புகாரை டெபியனின் வழுப் பதிவகத்துக்கு அனுப்புகிறது, அங்கிருந்து அது பொதியின் பராமரிப்பாளருக்குப் போகிறது. அட்டவணை தேடித் தருவது பதில் சொல்லக் கடமைப்பட்டவரை. தேர் எதனால் ஆனது என்று இரு மரபும் கேட்டன. பழுதானால் யாரிடம் போவது என்ற கேள்வி அந்த வாதத்தில் எழவே இல்லை.

அந்தக் கேள்விக்கும் எல்லா இடத்திலும் நேரடியாக விடை கிடைப்பதில்லை. ‘/யூஎஸ்ஆர்/பின்/எடிட்டர்’ எந்தப் பொதியின் பட்டியலிலும் இல்லை. நிறுவும்போது ஓடும் நிரல் உண்டாக்கிய இணைப்பு அது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ‘/ஈடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ்’ அடைவில் இன்னோர் இணைப்பு. அதையும் தொடர்ந்தால்தான் ‘நானோ’ போன்ற ஓர் உரைத்திருத்தியின் பொதியும், அதற்குப் பொறுப்பேற்ற ஒருவரும் கிடைப்பார்கள்.