பழுதை மறைப்பது மானமா?

சகோதரர்களே! நனைந்த அரிசியை அடியில் வைத்து, மேலே நல்ல அரிசியைப் பரப்பி விற்பது ஹராம் என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிவோம். ஆயினும், ஒரு பிள்ளையை ஒருவன் தகாத முறையில் தொட்டான் என்று கேள்விப்பட்டால், "மானம் போகும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று மூடி விடுகிறோமே, இது நியாயமா?

பிறர் குறையை மறைப்பது நற்குணமே. ஆனால் அது, தனக்கே கேடு தேடிக்கொண்டவனின் குறை. பிறர் பிள்ளையைக் கெடுத்தவனை மறைத்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் நாமே குழி வெட்டியவர்களாவோம். மானம் இழந்தவன் செய்தவனே அன்றி, அந்தப் பிள்ளை அல்ல.

மலேசியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறார்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தும் போலீசில் சொல்லாதிருப்பதே குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. சிகிச்சையும் புகாரும் ஆறுதலும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏற்பாடு, 1994-இல் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் தொடங்கி, மற்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. 15999 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

ஆகவே, பிள்ளை வாய் திறந்தால் அதட்டாமல் கேட்போம். ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணையாக நடப்போம். மதரஸாவானாலும் கடையானாலும், பிள்ளையைத் தனியே ஒருவர் வசம் பூட்டிய அறையில் விடாதிருப்போம். தராசில் நேர்மை பேசும் நாம், இதிலும் நேர்மையாக நிற்க வேண்டாமா?