வைக்க ஓர் இடம்

ஒரு வீட்டை விற்றுப் பத்திரம் முடிவதற்கும் இன்னொரு வீட்டில் பால் காய்ச்சுவதற்கும் நடுவில் சில மாதங்கள் விழுந்துவிடுவதுண்டு. மனிதர்கள் அந்த மாதங்களை உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ கழித்துவிடுவார்கள். சாமான் எங்கே போகும்? சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. மாத வாடகை வாங்கிக்கொண்டு, பெட்டிகளுக்கு எண் போட்டுப் பூட்டி வைப்பார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில், படவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சந்தவாசலில் யாரும் "எங்கே வைப்பது" என்று கேட்பதில்லை. "யார் வீட்டில் வைப்பது" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது பெண்ணுக்கு மட்டும் பதில் கிடைக்காமல் போகிறது.

கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பாதி வாழ்க்கை அம்மா வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. கல்லூரி நோட்டுகள், பேச்சுப்போட்டிக் கோப்பை, புகுந்த வீட்டு அலமாரியில் வைக்கத் தயங்கிய கடிதங்கள், முதல் கவிதைகள். "இருந்துட்டுப் போவட்டும்" என்று அம்மா சொல்கிற ஒரு வார்த்தைதான் அதற்கெல்லாம் ரசீது. போன வருடம் அந்த வீட்டை விற்றோம். ஓசூரில் தம்பி வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீடு முடிய இன்னும் நாளாகும் என்றார்கள். தம்பி போன் செய்தான்: "அக்கா, உன் சாமான் பரண்மேல ரெண்டு பெட்டி இருக்குது. பதிவுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போயிடு." அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் வேலூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தப் பெட்டிகள் வந்து இறங்கியபோது, "உங்க அம்மா வீட்டு சாமானா?" என்று கேட்டார்கள். அங்கே அது என் சாமான், இங்கே அது அம்மா வீட்டுச் சாமான்.

இதை உணர்ச்சிப் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்கள் சட்டத்தைப் பார்க்கட்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை, பிரித்துத் தரும்படி பெண் கேட்க முடியாது என்றும் அதன் 23ஆம் பிரிவு சொன்னது. மகள் அந்த வீட்டில் தங்கலாம். அதுவும் கல்யாணமாகாதவளாக, கைவிடப்பட்டவளாக, கணவனைப் பிரிந்தவளாக, விதவையாக இருந்தால். 2005இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். நாற்பத்தொன்பது வருடங்கள். அதற்குள் எத்தனை வீடுகள் கை மாறியிருக்கும், எத்தனை பரண்கள் காலியாகியிருக்கும்!

புகுந்த வீட்டுக் கதை இன்னொன்று. பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், பெண்ணின் சீதனப் பொருள் அவளுக்கே முழு உரிமையானது, புகுந்த வீட்டுக்குள் போனதாலேயே அது எல்லாருக்கும் பொதுவாகிவிடாது என்றது. கணவன் வீட்டார் நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள் மட்டுமே. திருப்பிக் கேட்டுத் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் முகத்தைப் பார்ப்பேன். நம் கல்யாண மண்டபங்களில் பீரோவும் கட்டிலும் வரிசையாக நிற்பதை ஒரு கிடங்குக்குச் சரக்கு ஏற்றுவதாக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ரசீதும் வாங்குவதில்லை.

தமிழாசிரியை என்பதால் சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். வைப்பு என்றால் சேமித்த செல்வம். வங்கிக்காரர்களும் நிரந்தர வைப்பு என்கிறார்கள். அதே வேரிலிருந்துதான் வைப்பாட்டியும் வந்தாள். வைக்கப்படுவது காசாக இருந்தால் மதிப்பு, பெண்ணாக இருந்தால் வசை. கிடங்குக்குப் பழந்தமிழில் அகழி, பள்ளம் என்றும் பொருளுண்டு.

பள்ளம் என்றதும் தறி நினைவுக்கு வருகிறது. ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகளில் குழித்தறி தரையிலேயே பதிந்திருக்கும். நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார். மரத்தைக் கழற்றலாம், அச்சையும் விழுதையும் சுருட்டிக் கட்டலாம், ஜக்கார்டு பெட்டியை இறக்கலாம். குழியை எந்தக் கிடங்கிலும் வைக்க முடியாது. வாங்கினவர் மண் கொட்டி மூடி டைல்ஸ் போட்டுவிட்டார். தறி அப்பாவுடையது, சங்கத்து உறுப்பினர் அட்டையும் அவர் பெயரில். அந்தத் தறிக்கு முப்பது வருடம் தார் சுற்றிக் கொடுத்த அம்மா எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எதை விற்பது, எதை வைப்பது என்று ஆண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா ராட்டையைத் துடைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் வீட்டைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றை மாணவிகள் தேடிப் படிக்க வேண்டும். ஹைடெக்கர் குடியிருத்தலைக் கட்டுதல், பேணுதல் என்று இரண்டாகப் பார்த்துவிட்டுக் கட்டுதலுக்கே மதிப்பு தந்தார் என்பது யங்கின் குறை. பேணுதல் பெரும்பாலும் பெண்களின் வேலை. பொருள்களுக்குப் பொருள் தருவது அதுதான் என்கிறார். பட்டுச்சேலை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கும். பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும். ஈரம் பட்டால் சரிகை கறுக்கும். பூட்டிவைப்பது வேறு, வைத்துக் காப்பது வேறு. ஒப்படைத்த பொருளை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவு. ஆங்கில மூலத்தில் அந்த மனிதன் 'மேன்'தான். எங்கள் தெரு ஆண்கள் யாரும் சேலை மடிப்பு மாற்றி நான் பார்த்ததில்லை.

ஆனாலும் யங்கோடு முழுதாக உடன்பட என்னால் முடியவில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அப்பாவின் சங்கக் கணக்கு, தம்பியின் மதிப்பெண் பட்டியல், பாட்டியின் மூக்குக் கண்ணாடி, என் தொட்டில் சேலை எல்லாம் இருந்தன. அம்மாவுடையது என்று சொல்ல ஒன்றுமில்லை. பேணுவது பெருமை என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தியை எல்லாருக்குமான கிடங்காக ஆக்கிவிடலாம். அதே சமயம், "இதெல்லாம் எதுக்கும்மா, தூக்கிப் போடு" என்று சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. பாதுகாத்த உழைப்பு அவருடையது. உரிமைப் பத்திரம் யாரிடம் இருந்தாலும் தூக்கிப் போடுகிற முடிவு உழைத்தவரிடம் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். எதையும் பேணாமல் விட்டுவிடும் உரிமையும் அதில் சேர்த்தி. பொருளைக் குறைத்து லேசாக வாழுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது: குறைக்கப்படுவது யாருடைய பொருள்?

அம்மா தறிமரத்தைத் தெருவிலேயே இன்னும் நெய்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். தம்பியின் காகிதங்களைத் தனியாகக் கட்டி அவன் கையிலேயே கொடுத்தார். மீதிக்குப் பின்தெருவில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தோம். வாடகை ரசீதில் யார் பெயர் என்று வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்துக் கேட்டார். அம்மா தன் பெயரைச் சொன்னார். ராட்டை அங்கேதான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் போய்ச் சேலைகளின் மடிப்பை மாற்றிவிட்டு வர வேண்டும்.