சண்டி என்று சொல்லுமுன்

ஏறி உட்கார்ந்ததும் குதிரை காதைப் பின்னுக்கு மடிக்கிறது. வாலைச் சுழற்றி அடிக்கிறது, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, நாலடி போய் நின்றுவிடுகிறது. ‘சண்டிக் குதிரை’ என்கிறார்கள். அடுத்து சாட்டை வருகிறது. இது சண்டித்தனமா, வலியா என்ற கேள்வி ஏறியிருப்பவருக்குத் தோன்றுவதேயில்லை, அவர் ஆண்டுக்கணக்காகக் குதிரையோடு பழகியவராக இருந்தாலும்.

காட்டில் நொண்டுவதைக் காட்டிக்கொள்ளும் குதிரைதான் முதலில் இரையாகும். ஆகவே வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம். ஆனாலும் முழுதாக மறைக்க முடிவதில்லை. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவினரும், மனிதர் ஏறிச் செல்லும்போது குதிரையிடம் தெரியும் வலியின் 24 அறிகுறிகளை 2018-இல் வகைப்படுத்தி வெளியிட்டார்கள். காதுகள் 5 நொடிக்குக் குறையாமல் பின்னே மடிந்திருப்பது, பற்கள் விலக 10 நொடி வாய் திறந்திருப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது, பார்வை ஓரிடத்தில் வெறித்து நிற்பது, நாக்கு வெளியே தொங்குவது, அடிக்கடி இடறுவது என்று அந்தப் பட்டியல் போகிறது. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி. எட்டுக்குக் கீழே இருந்தால் வலியே இல்லை என்று அர்த்தமில்லை.

அதே குழு 21 குதிரைகளை வைத்துச் செய்த சோதனை இன்னும் முக்கியமானது. வலிக்கும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டு, மறுபடி ஏறி ஓட்டிப் பார்த்தார்கள். அறிகுறிகள் மளமளவென்று குறைந்தன. குணம்தான் காரணம் என்றால் ஓர் ஊசியில் அது மாறியிருக்காது.

பயத்தாலும் தவறான பயிற்சியாலும்கூடக் குதிரை முரண்டு பிடிக்கும்தான். ஒவ்வொரு முரண்டுக்கும் மருத்துவரை அழைக்க முடியுமா என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் இரண்டு தவறுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. இல்லாத வலியை இருப்பதாக நினைத்துவிட்டால் போவது மருத்துவர் கட்டணமும் ஒரு நாள் சவாரியும். இருக்கிற வலியை இல்லையென்று நினைத்துவிட்டாலோ, ஏற்கெனவே நோகும் உடம்பில் சாட்டையும் விழுகிறது. அந்த விலையைக் குதிரை மட்டும் கொடுக்கிறது. ஏற்றிக்கொள்ளச் சம்மதமா என்று யாரும் அதைக் கேட்டதில்லை. ஆகவே ‘வலியில்லை’ என்று உறுதிசெய்துகொள்ளும் பொறுப்பு ஏறுகிறவருடையது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் வாரை இறுக்கினால் அது வாயைத் திறக்க முடியாது. பார்ப்பவர் கண்ணுக்கு அடக்கமான, அழகான குதிரை. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் நாடுகளின் போட்டிகளில் 750 குதிரைகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், 44 சதவீதக் குதிரைகளுக்கு அந்த வார் விரல் நுழைய இடமின்றி இறுகியிருந்தது. அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய வழக்கம். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல்தான் இதற்கென அளவுகருவி ஒன்றைக் கொண்டுவந்தது. அறிகுறியைப் பார்க்கத் தெரியாமல் போவதை அறியாமை என்று மன்னிக்கலாம். அறிகுறியே வெளியே வராதபடி வாயைக் கட்டிவிட்டு அடக்கத்துக்கு மதிப்பெண் வாங்குவதை எப்படி மன்னிப்பது?

அன்றாட வாடகையில் பிழைப்பவரின் கதை வேறு. மெரினாவிலும் ஊட்டியிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் அவர் வீட்டில் உலை கொதிப்பது சந்தேகம். பழியை அவர் தலையில் மட்டும் போட்டுவிட்டு விலகுவது நேர்மையல்ல. காசு கொடுத்து ஏறுகிறவருக்கும் கண் இருக்கிறது. சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, நடக்கும்போது தலை ஏறி இறங்குகிறதா, கடிவாளம் படும் கடைவாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், வாடகையைக் கொடுத்துவிட்டு ஏறாமலே வந்துவிடலாம். அன்று குதிரைக்கும் ஓய்வு கிடைக்கும், அவருக்கும் கூலி கிடைக்கும்.