சேவைக்குக் கணக்கு எதற்கு?



போன ஆண்டு இறுதியில் எங்கள் கிளையின் ஆண்டறிக்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "எஞ்சினியரிங் படிக்கிற பையன், எக்செல் எல்லாம் தெரியும், நீயே செஞ்சிடு தம்பி" என்று தலைவர் அண்ணன் சொல்லிவிட்டார். வரவு செலவு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ரசீதுகள் எல்லாம் சரியாக இருந்தன. அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். எஸ்.பி.எம். இலவச டியூஷனால் பயனடைந்த மாணவர்கள் எத்தனை பேர்?

பதிவு செய்தவர்கள் 60 பேர். வருகைப் புத்தகத்தை எடுத்து எண்ணினேன். கடைசி மாதம் வரை வந்தவர்கள் 22 பேர்தான். மீதி 38 பேர் ஏன் நின்றார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"60-ன்னே போடு தம்பி. பதிஞ்சது 60 தானே, பொய் இல்லையே" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். அவர் கெட்டவர் அல்ல. ஐந்து வருடமாக ஆசிரியர்களைத் தன் சொந்தக் காரில் ஏற்றி இறக்கியவர். 22 என்று போட்டால் நன்கொடை குறைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. கடைசியில் ஒன்று கேட்டார்: "நாம என்ன பலனை எதிர்பார்த்தா செய்யறோம்? சேவைக்கு எதுக்கு கணக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்பது கீதை வகுப்பில் நாம் எல்லோரும் கேட்ட பாடம். அப்படியென்றால் பலனை எண்ணிப் பார்ப்பதே தவறா?

பல நாள் யோசித்தபின் எனக்குப் புரிந்தது இதுதான். விடவேண்டிய பலன் எனக்கு வரும் பலன். பாராட்டு, பதவி, பொன்னாடை, பேப்பரில் படம் இவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் டியூஷனின் பலன் அந்த மாணவனுடையது. அது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் இருப்பதற்குப் பெயர் பற்றின்மை அல்ல, அலட்சியம். இன்னும் சொல்லப்போனால், 22-ஐ 60 என்று எழுத நினைக்கும் மனம்தான் பலனில் அதிகப் பற்று வைத்திருக்கிறது.

"சட்டப்படி எல்லாம் அனுப்பிட்டோமே" என்று சிலர் சொல்லலாம். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் பதிவிலாகாவுக்கு பொறுப்பாளர் பட்டியலும் கணக்கும் போய்ச் சேர வேண்டும். அது அவசியம். ஆனால் பணம் எங்கே போனது என்பதற்குத்தான் அதில் பதில் இருக்கும். அந்தப் பணத்தால் யாருடைய வாழ்க்கை மாறியது என்பதற்கு இருக்காது.

எண்களைக் கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே பாடம் உண்டு. சிங்கப்பூரின் தேசிய சிறுநீரக அறநிறுவனம், தன் தலைவரின் அலுவலகக் குளியலறையில் இருந்த தங்க முலாம் பூசிய குழாயைப் பற்றி எழுதிய பத்திரிகை மீது போட்ட வழக்கு 2005-ல் விசாரணைக்கு வந்தது. அந்த வழக்கிலேயே அவருடைய ஆண்டுச் சம்பளம் 6 லட்சம் வெள்ளி என்பது வெளியே வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை கூட்டிச் சொல்லப்பட்டதும் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்தினார்கள். அதன் பிறகு 2007-ல் அங்கே அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை வந்தது. அதன் அடிப்படை எளிமையானது: கடைப்பிடி, முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று விளக்கு. முடியவில்லை என்று சொல்வது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

இது மேல்நாட்டுப் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழகத்தின் உத்திரமேரூரில், கோயில் சுவரிலேயே, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1,100 ஆண்டுகள் பழையது. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பொதுக் காரியத்தில் இறங்கினால் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது நமக்குப் புதிது அல்ல.

பணக் கணக்கு மட்டும் போதுமா? பயிற்சிக்காக நான் போன தொழிற்சாலையில் தினமும் கழிவை எடை போட்டு எழுதுவார்கள். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்று புர்சா மலேசியா விதித்திருக்கிறது. லாபத்துக்காக நடக்கும் இடமே குப்பைக்குக் கணக்கு வைக்கிறது. பூமியை அம்மா என்று கும்பிடும் நாம், அன்னதானம் முடிந்ததும் எத்தனை பை சோறும் எத்தனை பொலிஸ்திரின் தட்டும் குப்பைக்குப் போகிறது என்று எண்ணியது உண்டா? எண்ணினால்தானே அடுத்த முறை குறைக்க முடியும்?

ஒரு நியாயமான மறுப்பும் இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து தொண்டு செய்யும் பத்துப் பேரிடம் தடித்த அறிக்கை கேட்டால், தொண்டு செய்ய நேரம் இருக்காது. பேசவே பயந்த ஒரு பையன் மேடையேறிப் பேசியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் அளக்க முடியாது. அதனால் ஒரு பக்கம் போதும். எவ்வளவு வந்தது, எங்கே போனது, யார் பயனடைந்தார், எது சரியாக நடக்கவில்லை, எதை வீணாக்கினோம். அந்தப் பையனைப் பற்றி இரண்டு வரி எழுதலாம், எண் தேவையில்லை.

கடைசியில் 60 பதிவு, 22 நிறைவு என்றே எழுதினேன். அதற்கு முன் நின்றுபோனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டோம். எல்லோரும் எடுக்கவில்லை. பேசியவர்களில் பலர் சொன்ன காரணம் ஒன்றுதான்: சனிக்கிழமை பகுதி நேர வேலை. "அண்ணா, கிளாஸ் ராத்திரியில வச்சிருந்தா வந்திருப்பேன்" என்றாள் ஒரு தங்கை. இது எங்களுக்கு ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இந்த ஆண்டு வகுப்பு புதன்கிழமை இரவு 8 மணிக்கு. நன்கொடை கூடுமா குறையுமா என்பது இனிமேல்தான் தெரியும். ஆசிரியர்களை ஏற்றி வருவது இன்றும் அதே மூத்த உறுப்பினர்தான். வருகைப் புத்தகத்தை இப்போது அவரே வாங்கி எண்ணிப் பார்க்கிறார்.

உங்கள் கிளையின் வருகைப் புத்தகம் எங்கே இருக்கிறது? இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்களேன்.