ஒருவரின் விரதமும் பலரின் இசையும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸுக்கு அறுபத்தெட்டு வயது. ஹிட்லரையும் முசோலினியையும் வீழ்த்திய நேச நாடுகள் அதே வேகத்தில் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவையும் அகற்றிவிடும் என்று நம்பியிருந்த ஸ்பெயின் அகதிகளில் அவரும் ஒருவர். அது நடக்கவில்லை. ஃபிராங்கோவின் ஆட்சியை 1939லேயே அங்கீகரித்திருந்த பிரிட்டன் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. கசால்ஸ் அங்கே ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகளை ரத்து செய்தார். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தர முன்வந்த கௌரவப் பட்டங்களை மறுத்தார். பிறகு மேடையிலிருந்தே விலகி, பிரான்ஸின் தெற்கு விளிம்பில், கனிகூ மலையின் அடிவாரத்தில் இருக்கும் பிராட் என்ற சிற்றூரில் தங்கிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம்தான் அவர் பிறந்த கத்தலோனியா. ஒரு கலைஞர் தன் கலையை நிறுத்திவைப்பது அறச்செயல் ஆகுமா? ஆகும் என்றால், அவரைப் பின்பற்றாமல் தொடர்ந்து வாசித்தவர்கள் அறம் தவறியவர்களா? பிராட்டில் 1950இல் தொடங்கிய இசைவிழாவும் அதற்கு வந்த கலைஞர்களும் இந்தக் கேள்விகளுக்கு ஒரு விடையை வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

விழாவுக்குக் காரணமானவர் வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடர். கசால்ஸ் உலகத்திடம் போக மாட்டார் என்றால் உலகம் அவரிடம் வரட்டும் என்பது அவர் யோசனை. 1950 இசையமைப்பாளர் பாக் மறைந்த இருநூறாவது ஆண்டு. ஜூன் மாதம் ஊரின் செயின்ட் பியேர் தேவாலயத்தில் கச்சேரிகள் நடந்தன. ருடால்ஃப் செர்கின், ஐசக் ஸ்டெர்ன், யோசஃப் சிகெட்டி, கிளாரா ஹாஸ்கில் என்று எந்தத் தலைநகரிலும் தனியாக அரங்கை நிரப்பக்கூடியவர்கள் சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு வந்து, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒருவருக்கொருவர் பக்கவாத்தியமாக உட்கார்ந்தார்கள். கசால்ஸ் தனியாக வாசித்தது பாக்கின் முதல் செல்லோ சூட். அது தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு ஸ்வரங்களுக்கு இடது கை விரல் எதுவும் தேவையில்லை. வெறும் தந்திகள் இரண்டும் தாமாக அதிர்கின்றன. மூன்றாவது ஸ்வரத்துக்குத்தான் ஒரு விரல் பதிகிறது. பிறகு வில் மூன்று தந்திகளின் மேலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இத்தனை எளிய தொடக்கத்துக்குப் பின்னால், பதின்மூன்று வயதில் அந்த சூட்டின் இசைநூலைக் கண்டெடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பிறகே மேடையில் வாசித்த ஒருவரின் உழைப்பு இருந்தது. தேவாலயத்துக்குள் கைதட்டத் தடை இருந்ததால் பாராட்டுக்கும் வழியில்லை.

ஒருவர் தம்மேல் தாமே சுமத்திக்கொண்ட விரதத்துக்கும் பிறர்மேல் சொல்லும் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. தீர்ப்பு எல்லோருக்கும் பொது. இன்ன நாட்டில் வாசிப்பது குற்றம் என்றால், அங்கே வாசிக்கும் ஒவ்வொருவரும் குற்றவாளி. விரதம் அப்படியல்ல. அதை ஏற்றவரை அது முழுமையாகக் கட்டுகிறது. ஏற்காதவரைத் தொடுவதே இல்லை. 1950இல் பிராட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஃபிராங்கோவை அங்கீகரித்த அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். கசால்ஸின் மௌனம் ஒரு தீர்ப்பாக இருந்திருந்தால் அவர்களோடு ஒரே மேடையில் அவர் உட்கார்ந்திருக்க முடியாது. அவர்களும் தீர்ப்புச் சொல்லும் ஒருவரிடம் வந்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அவர்களில் பலர் இழப்பை அறியாதவர்கள் அல்ல. செர்கின் நாஜிகளால் ஜெர்மனியின் மேடைகளை இழந்தவர். ஹாஸ்கில் போரின் நடுவே பிரான்ஸிலிருந்து தப்பி ஸ்விட்சர்லாந்து போனவர். ஸ்டெர்ன் ஜெர்மனியில் கச்சேரி செய்வதில்லை என்று தமக்கென ஒரு விரதம் வைத்திருந்தார். செர்கினோ பிற்காலத்தில் ஜெர்மனியில் வாசித்தார். இருவரும் ஒருவரையொருவர் விசாரிக்கவில்லை. வெவ்வேறு மனச்சாட்சிகள் ஒரே சுருதியில் உட்கார முடிந்ததற்குக் காரணம், யாரும் தம் விரதத்தை அடுத்தவருக்குச் சட்டமாக்காததுதான்.

இதற்குத் தத்துவத்தின் பக்கத்திலிருந்து வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு செயல் அறமா என்று பார்க்க, எல்லோரும் அதையே செய்தால் என்ன ஆகும் என்று கேட்கச் சொல்கிறார் காண்ட். எல்லா இசைக்கலைஞரும் கசால்ஸைப் போல ஒதுங்கினால் பாதி உலகில் இசையே இருக்காது. ஆகவே அது அறம் அல்ல, தனிப்பட்ட பிடிவாதம் என்று வாதிடலாம். இதே அளவுகோலை வைத்தால் எல்லாச் சமயங்களின் துறவும் தோற்றுவிடும். எல்லோரும் துறவியானால் அடுத்த தலைமுறையே இல்லை. ஆனாலும் துறவை அறத்துக்குப் புறம்பானது என்று நாம் தள்ளுவதில்லை. ஏனென்றால் துறவி நம்மிடம் கேட்பது பின்பற்றுதலை அல்ல. ஒரு பொருளுக்கு எவ்வளவு விலை கொடுக்கத் தகும் என்பதைத் தம் வாழ்க்கையால் காட்டுகிறார். அதைப் பார்த்த பிறகு நம் கணக்கை நாம்தான் போட வேண்டும். பிராட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சாந்த் மிஷேல் தெ குக்சா என்ற பழைய மடாலயம் இருக்கிறது. விழாவின் கச்சேரிகள் பின்னாளில் அங்கேயும் நடந்தன. அந்த மடத்துத் துறவிகளும் ஊர்க்காரர்கள் எல்லோரும் மடத்தில் சேர வேண்டும் என்று கேட்டதில்லை.

தூய்மைவாதிகளின் மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. 1937இல் ஸ்பெயினின் கத்தோலிக்க ஆயர்கள் கூட்டாக ஒரு கடிதம் எழுதி ஃபிராங்கோவின் பக்கத்தை ஆதரித்தார்கள். அப்படியிருக்க, கத்தோலிக்க தேவாலயத்தில் போய் எப்படி வாசிக்கலாம்? விழாவின் இசைத்தட்டுகளைக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டு அமெரிக்காவில் விற்றதே, அது மட்டும் சரியா? கறைபடாத இடம், கறைபடாத கை என்று தேடுபவருக்கு இதில் பதில் கிடையாது. ஆனால் கசால்ஸ் தேடியது தூய்மையை அல்ல. தம் வில் எந்த அரசின் விருந்தில் அலங்காரமாகக்கூடாது என்பதை மட்டுமே அவர் முடிவு செய்தார். பிராட்டின் தேவாலயம் எந்த அரசின் விருந்துக்கூடமும் அல்ல. விரதத்தின் எல்லையை இவ்வளவு குறுகலாக வரைந்ததால்தான் அதற்குள் அவரால் பத்தாண்டுகள் நிற்க முடிந்தது. உலகின் எல்லாக் கறையையும் தவிர்க்கப் புறப்பட்டவர் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார்.

என்னை உண்மையிலேயே தடுமாறச் செய்யும் கேள்வி ரசிகர்களைப் பற்றியது. குண்டுவீச்சுக்கு நடுவே பதுங்கிக் கிடந்த லண்டன்வாசி ஒருவர் தம் அரசின் கொள்கைக்காக ஏன் கசால்ஸின் இசையை இழக்க வேண்டும்? கச்சேரி என்பது கொடையே தவிரக் கடன் அல்ல, ஆகவே அதைத் தராதது அநீதி ஆகாது என்று பதில் சொல்லலாம். தர்க்கத்தில் அது சரி. ஆனால் இழப்பு இழப்புதான், அதைத் தர்க்கத்தால் மூடிவிடக் கூடாது. பிராட் விழாவின் பெருமையே இந்த இழப்பைப் பொருட்படுத்தியதில் இருக்கிறது. மௌனத்தை அப்படியே விட்டுவைத்துக்கொண்டு, கேட்க விரும்புகிறவர் வரலாம் என்று ஒரு கதவைத் திறந்தார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவருக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது தூய்மைவாதிகள் குறைசொன்ன அதே இசைத்தட்டுகள்தான்.

1952 விழாவின் ஒலிப்பதிவு ஒன்றில் ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட் இருக்கிறது. ஸ்டெர்னும் ஷ்னைடரும் வயலின். மில்டன் கேட்டிம்ஸ் வியோலா. கசால்ஸ் முதல் செல்லோ. பால் டோர்டெலியே இரண்டாம் செல்லோ. ஷூபர்ட் 1828இல், தம் கடைசி மாதங்களில் எழுதியது. அதன் அடாஜியோவில் முதல் வயலின் மேலே துண்டு துண்டாகப் பேசுகிறது. அடியில் இரண்டாம் செல்லோ தந்தியை விரலால் சுண்டுகிறது. நடுவில் மூன்று வாத்தியங்கள் நீண்ட ஸ்வரங்களை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த மூன்றில் ஒன்று கசால்ஸ். யாருக்காக எல்லோரும் அந்த ஊருக்கு வந்தார்களோ அவருடைய ஒலியைத் தனியாகப் பிரித்தெடுக்கவே முடியாத இடம் அது. சேம்பர் இசையில் கட்டளையிட ஆள் இல்லை. ஒவ்வொருவரும் தம் பாகத்தைத் தாமே சுமக்க வேண்டும், அடுத்தவர் பாகத்தைக் கேட்டபடியே சுமக்க வேண்டும். தீர்ப்பு வழங்குபவரால் இப்படி உட்கார முடியாது.

கடைசியாக, 1961 நவம்பர். கென்னடி அழைத்தார் என்று கசால்ஸ் வெள்ளை மாளிகையில் வாசித்தார். அமெரிக்கா 1953லேயே ஃபிராங்கோவோடு ராணுவத் தள ஒப்பந்தம் செய்திருந்தது. கென்னடிமேல் அவருக்கு இருந்த மதிப்பையும், மக்களாட்சியின்மேல் வைத்த நம்பிக்கையையும் காரணமாகச் சொல்லலாம். நான் இதை விரதம் தளர்ந்த இடமாகவே எண்ணுகிறேன். அவர்மேல் உள்ள மரியாதைக்காக வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. ஆனால் தீர்ப்புச் சொன்னவர் தாமே அதை மீறினால் அவர் பிறரைக் கண்டித்ததெல்லாம் பொய்யாகிவிடும். விரதம் தளர்ந்தவரோ தம் முன்னால் மட்டுமே நிற்கிறார், வேறு யாரையும் ஏமாற்றவில்லை. அதன் உட்கருவை அவர் விடவும் இல்லை. 1955இல் தம் துணைவியை அடக்கம் செய்ய ஸ்பெயினில் தாம் பிறந்த வேண்ட்ரெலுக்குப் போனார், வாசிக்காமல் திரும்பினார். 1958இல் பிராட் விழாவுக்கு ஆல்ஃபிரட் கார்ட்டோ வந்தார். கசால்ஸோடு பல ஆண்டுகள் டிரையோ வாசித்தவர்; பிறகு நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசில் பதவி வகித்து, போர்க்காலத்தில் ஜெர்மனியில் கச்சேரி செய்தவர். ஃபிராங்கோவை அங்கீகரித்ததற்காகப் பிரிட்டனையே மறுத்த கசால்ஸ் அவரோடு உட்கார்ந்து வாசித்தார். இதை முரண்பாடு என்று பலர் சொல்வார்கள். தமக்கு விதித்துக்கொண்ட கடுமையைப் பிறர்மேல் ஏற்ற மறுத்த ஒருவர் வேறெப்படி நடந்துகொண்டிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.